சபாத், மாதப்பிறப்பு எபிரேயப் பாடல்கள்: புதியவர் படிக்கத் தொடங்கும் முறை

இடைக்கால யூதக் கவிஞர்கள் சபாத் என்னும் ஓய்வுநாளுக்கும் மாதப்பிறப்புக்கும் எழுதிய பாடல்களை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, "சொன்னதையே சொல்கிறார்களே" என்று புத்தகத்தை மூடிவிடுபவர்கள் அதிகம். குறை பாடலில் இல்லை. பியூட் எனப்படும் இந்தப் பாடல் வகை தனியே நிற்பதற்காக எழுதப்பட்டதன்று. வழிபாட்டு வரிசையில் ஓர் இடத்துக்கென்று அளவெடுத்து எழுதப்பட்டது. எந்தத் துதிவாசகத்துக்கு முன்னால் வருகிறதோ அதன் பொருளைத் தொட்டு, பல வேளைகளில் அதன் சொற்களிலேயே போய் முடியும். ஆகவே ஒரு பாடலைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இது வழிபாட்டில் எங்கே பாடப்பட்டது?" என்பதுதான். யார் எழுதியது, என்ன பொருள் என்பவை அதற்குப் பின்னால் வரட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

உயிர்க்குறிகள் இட்ட எபிரேய வழிபாட்டு நூல் ஒன்று வேண்டும்; சித்தூர் என்பார்கள். எபிரேய வேதாகமமும் அதன் பக்கத்தில் தமிழ் வேதாகமமும் வேண்டும். அகலமான ஓரம் விட்ட குறிப்பேடு ஒன்று. இவற்றையெல்லாம் விட முக்கியம் 22 எபிரேய எழுத்துகளைக் கற்றுக்கொள்வது. நாளைக்கு மூன்று என்று வைத்தால் எட்டு நாளில் முடியும். தமிழ் ஒலிபெயர்ப்பை மட்டும் நம்பினால் வேலை நடக்காது. தேத்தும் தாவும் நம் எழுத்தில் "த" ஆகிவிடும். காஃபும் கோஃபும் "க" ஆகிவிடும். அலெஃபும் அயினும் இருந்த இடமே தெரியாது. இந்தப் பாடல்களின் எலும்புக்கூடு முதலெழுத்துகளில் இருப்பதால், எழுத்து மறைந்தால் அமைப்பும் மறைந்துவிடும்.

வேதாகம வசன எண்களில் ஒரு கவனம் தேவை. எபிரேயப் பதிப்பில் சங்கீதங்களின் தலைப்புக்குப் பெரும்பாலும் தனி எண் உண்டு. அதனால் ஓய்வுநாள் சங்கீதமான 92இல் எபிரேய 2ஆம் வசனம் தமிழில் 1. சகரியாவில் "கண்மணி" வரும் வசனம் எபிரேயத்தில் 2:12, தமிழில் 2:8. அடிக்குறிப்பு சொல்லும் வசனம் பொருந்தவில்லை என்றால் முன்னும் பின்னும் சில வசனம் தள்ளிப் பாருங்கள்.

முதல் பயிற்சி: எல் ஆதோன்

சபாத் காலை வழிபாட்டில் வரும் "எல் ஆதோன்" இந்த மரபின் பழைய அடுக்கைச் சேர்ந்தது. அளவில் சிறியது, எல்லாச் சித்தூரிலும் கிடைக்கும். ஒவ்வோர் அடியின் முதலெழுத்தையும் ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். அலெஃபில் தொடங்கித் தாவ் வரை 22 எழுத்தும் வரிசையாக வரும்; சாமெக்கின் இடத்தில் மட்டும் அதே ஒலியுள்ள சின் (ஷின்னின் மறுவடிவம்) நிற்கும். வேறு ஒன்று விடுபட்டால் அடியைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள் என்று பொருள். சில அச்சுகளில் இரண்டு அடிகள் ஒரே வரியில் ஓடுவதே காரணம்.

அடுத்து, இடம். இது "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்கும் ஷெமா வாசகத்துக்கு முன் வரும் முதல் துதிவாசகத்துக்குள் இருக்கிறது. அந்த வாசகம் "ஒளிச்சுடர்களைப் படைப்பவர்" என்று கடவுளைப் போற்றி முடியும். இப்போது கோஃப், ரேஷ் அடிகளைப் பாருங்கள். அவர் சூரியனை அழைத்தார், ஒளி எழுந்தது. பார்த்தார், நிலவின் வடிவத்தை அமைத்தார். நிலவு ஏன் இங்கே வந்தது என்ற கேள்விக்கு இடமே பதில் சொல்லிவிடுகிறது. அதற்கடுத்த ஷின் அடியின் சொற்களுடைய முதலெழுத்துகளில் (நடுவிலுள்ள "லோ" என்னும் சிறு சொல்லை நீக்கி) சனி, சுக்கிரன், புதன், வியாழன், செவ்வாய் ஆகிய ஐந்து கோள்களின் எபிரேயப் பெயர்களைக் காண்பது மரபுவழி உரை. வாரநாளில் இதே இடத்தில் "எல் பாருக்" என்ற பகுதி வரும்; அங்கே எழுத்துக்கு ஒரு சொல்தான். சபாத் அன்று எழுத்துக்கு ஓர் அடி. நாளின் பெருமை அமைப்பிலேயே தெரிகிறது. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

முதலெழுத்து வரிசை எப்போதும் அலெஃபில்தான் தொடங்கும் என்று எண்ணுவது பொதுவான தவறு. சபாத்தின் கூடுதல் வழிபாடான முசாஃபில் வரும் "திக்கந்தா ஷப்பாத்" தாவில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கிறது. அங்கே ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால்தான் வரிசை புலப்படும்.

யாப்பு: தமிழ் வாசகருக்குக் கிடைத்த வசதி

10ஆம் நூற்றாண்டில் தூனாஷ் பென் லப்ராத் அரபு யாப்பை எபிரேயத்துக்குள் கொண்டுவந்தார். ஃபெஸ் நகரத்தவர், பாக்தாதில் யூத அறிஞர் சாதியா காவோனிடம் கற்றவர், பிறகு கோர்தோபாவுக்கு வந்தவர். சபாத் விருந்து மேசையில் இன்றும் பாடப்படும் "தெரோர் யிக்ரா" அவருடையது. முதல் கண்ணி:

தெரோர் யிக்ரா லெவேன் இம் பாத்
வெயின்ட்சொர்கெம் கெமோ வாவாத்
நெயீம் ஷிம்கெம் வெலோ யுஷ்பாத்
ஷெவூ நூஹூ பெயோம் ஷப்பாத்

மகனுக்கும் மகளுக்கும் அவர் விடுதலை அறிவிப்பார். கண்மணிபோல் உங்களைக் காப்பார். உங்கள் பெயர் இனியது, அது ஒழியாது. ஓய்வுநாளில் அமருங்கள், இளைப்பாறுங்கள் என்பது பொருள். நான்கு அடிகளின் முதலெழுத்துகள் தாலெத், வாவ், நூன், ஷின். கூட்டினால் தூனாஷ்.

இந்த யாப்பில் அடிப்படைத் துண்டுகள் இரண்டே. ஷெவா என்னும் மிகக் குறுகிய உயிரும் அதையடுத்த முழு உயிரும் சேர்ந்தது ஒன்று. அதற்கு யாதேத் என்று பெயர். முழு உயிர் மட்டும் உள்ளது மற்றொன்று, அது தெனுஆ. யாதேத்தை நிரையசை என்றும் தெனுஆவை நேரசை என்றும் கொண்டு அலகிட்டுப் பாருங்கள். தெரோர்-யிக்-ரா என்பது நிரை நேர் நேர். லெவேன்-இம்-பாத் என்பதும் அப்படியே. ஆக, ஒவ்வோர் அடியும் இரண்டு புளிமாங்காய். நான்கு அடியும் பிசகாமல் அப்படியே வரும். யாப்பிலக்கணம் கொஞ்சம் படித்த தமிழ் வாசகர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய இந்த விஷயத்துக்குப் பிறர் நெடுநேரம் செலவிட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒப்புமையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எபிரேயக் கணக்கில் முழு உயிர்களுக்குள் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ஷெவாவா இல்லையா என்பதே கேள்வி. "மேலும்" என்ற பொருளில் சொல்லின் தலையில் ஒட்டும் "உ" எழுத்தில் முழு உயிர்போலத் தெரிந்தாலும் குறுகியதாகவே எண்ணப்படும்.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. இன்றைய இஸ்ரேலியப் பேச்சில் ஷெவா பெரும்பாலும் விழுங்கப்படுகிறது; "தெரோர்" என்பது "த்ரோர்" ஆகி, நிரை நேராகச் சுருங்கிவிடும். பாட்டைக் கேட்டு அலகிட்டால் கணக்கு உதைக்கும். எழுத்தைப் பார்த்து அலகிடுங்கள். மற்றொன்று அச்சு. பல நூல்களில் நான்காம் அடி "ஷெவூ வெநூஹூ" என்று ஒரு ஷெவா கூடி நிற்கிறது. பாடும்போது பெரிதாகத் தெரியாது. அலகிடும்போது உடனே தட்டும். அப்படித் தட்டும் இடங்களைக் குறித்து வைப்பது நல்ல பழக்கம். பாடவேறுபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கையொப்பத்தையும் முழுப் பாடலில் சரிபாருங்கள். ஆறு கண்ணிகளில் முதல் மூன்றும் கடைசியும் தூனாஷ் என்று ஒப்பமிடுகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் இடவில்லை. ஒரு கண்ணியை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் இது தெரியாமலே போகும்.

வேத வரியைத் துரத்துதல்

இடமும் எழுத்தும் யாப்பும் முடிந்த பிறகே பொருள். இந்தக் கவிஞர்கள் வேத வரிகளைத் துண்டு துண்டாக எடுத்துத் தொடுக்கிறார்கள். கேட்பவருக்கு மூலம் மனப்பாடம் என்று நம்பியே எழுதுகிறார்கள். நமக்கு மனப்பாடம் இல்லாததால் தேட வேண்டும். குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பாடல் அடி, வேத வசனம், வசனத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது பத்திதான் உயிர். வசன எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் செய்த வேலை வீண்.

12ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் யெஹூதா ஹலேவியுடையது என்று கொள்ளப்படும் "யோம் ஷப்பாத்தோன்" இதற்குத் தக்க பாடல். ஐந்து கண்ணிகள், முதலெழுத்துகள் யெஹூதா. அதன் பல்லவி, "புறா அந்நாளில் இளைப்பாறும் இடம் கண்டது, வலிமை ஓய்ந்தவர்கள் அங்கே இளைப்பாறுவார்கள்" என்கிறது. முதல் பாதிக்கு மூலம் ஆதியாகமம் 8:9. அங்கே பேழையிலிருந்து பறந்த புறா கால் வைக்க இடம் காணவில்லை. கவிஞர் "காணவில்லை" என்பதைக் "கண்டது" என்று மாற்றிவிட்டார். புறா என்பது உன்னதப்பாட்டு வழியாக இஸ்ரவேல் மக்களுக்கு வழங்கும் பெயர். வெள்ளத்தில் இடமின்றி அலைந்த மக்களுக்குக் கால் ஊன்ற நிலம் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாகச் சபாத் என்னும் ஒரு நாள் கிடைத்தது. இரண்டாம் பாதி யோபு 3:17. அது வேதத்தில் கல்லறையைப் பற்றிய வரி. பிறந்தே இருக்க வேண்டாம் என்று புலம்பும் யோபு, சாவில்தான் களைத்தவர்கள் இளைப்பாறுகிறார்கள் என்கிறான். ஹலேவி அந்த இளைப்பாறலைச் சாவிலிருந்து பிடுங்கிச் சபாத்துக்குக் கொடுத்துவிடுகிறார். மொழிபெயர்ப்பில் இவ்விரு அடிகளும் சாதாரணமாகத் தெரியும். மூலத்தைத் திறந்து வைத்தவருக்கே இந்தத் துணிவு தெரியும்.

ஆபிரகாம் இப்ன் எஸ்ராவின் "கி எஷ்மெரா ஷப்பாத்" பல்லவியை நீங்களே துரத்திப் பாருங்கள். விடை யாத்திராகமம் 31இல், 17ஆம் வசனத்தில் இருக்கிறது.

மாதப்பிறப்பு: எண்களும் நிலவின் வழக்கும்

யூத மாதப்பிறப்பான ரோஷ் ஹோதெஷை அமாவாசை என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். பழைய நாளில் மெல்லிய முதற்பிறையைக் கண்டவர் சாட்சி சொல்ல, நீதிமன்றம் மாதத்தை அறிவித்தது. பின்னர் கணிதம் வந்தது. கணக்கின்படி ஒரு நிலவு மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு. ஒரு மணிக்கு 1080 பங்கு. முந்திய மாதத்துக்கு 30 நாளானால் அந்த 30ஆம் நாளும் சேர்ந்து மாதப்பிறப்பு இரண்டு நாள் ஆகும். வரப்போகும் மாதத்தை அதற்கு முந்தைய சபாத்தில் அறிவித்து வாழ்த்துவார்கள். திஷ்ரி மாதத்துக்கு மட்டும் அப்படிச் செய்வதில்லை.

ஒரு பாடல் மாதப்பிறப்புக்குரியது என்பதை அடையாளம் காண இரண்டு தடயங்கள் போதும். முதலாவது எண்கள். எண்ணாகமம் 28இன்படி சபாத்தின் கூடுதல் பலி இரண்டு ஆட்டுக்குட்டிகள். மாதப்பிறப்புக்கு இரண்டு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஏழு ஆட்டுக்குட்டி, பாவநிவாரணத்துக்கு ஒரு வெள்ளாட்டுக்கடா. பாடலில் இந்த எண்கள் தலைகாட்டினால் அது முசாஃபுக்கு நெருங்கியது.

இரண்டாவது தடயம் யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெருந்தொகுப்பான தால்மூதில், ஹூலின் பகுதி 60ஆவது ஏட்டின் பின்பக்கத்தில் உள்ள கதை. முதலில் இரு சுடர்களும் சம அளவில் இருந்தன. "இரண்டு அரசர்கள் ஒரே மகுடத்தைச் சூட முடியுமா?" என்று நிலவு கேட்டது. "அப்படியானால் நீ போய்ச் சிறிதாகு" என்றார் கடவுள். நியாயமாகக் கேட்டதற்கா இந்தத் தண்டனை என்று நிலவு வருந்தியது. எந்த ஆறுதலும் எடுபடவில்லை. கடைசியில், நிலவைச் சிறிதாக்கியதற்காக எனக்காகவே பரிகாரம் செலுத்துங்கள் என்று கடவுளே சொன்னாராம். அந்த வெள்ளாட்டுக்கடா அதுதான். தேய்ந்த நிலவு மீண்டும் வளர்வது, தாழ்ந்த மக்கள் மீண்டும் எழுவதற்கு அடையாளம் என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்தே வரும். நிலவைப் பற்றிய ஓர் அடி காரணமில்லாமல் துயரமாக ஒலித்தால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

8ஆம் நூற்றாண்டில் திபேரியா அருகே கஃப்ரா ஊரைச் சேர்ந்த பின்ஹாஸ் ஹகோஹேன் மாதங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு மாதப்பிறப்புப் பாடல்கள் எழுதினார். இவற்றைப் படிக்கும்போது ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய பண்டிகை, நிகழ்வு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உதவும்.

சபாத்தும் மாதப்பிறப்பும் ஒரே நாளில் வந்தால்? முசாஃபின் நடுவில் "திக்கந்தா ஷப்பாத்" விலகி, "அத்தா யாட்சர்த்தா" வரும். தீர்க்கதரிசன வாசிப்பு ஏசாயா 66. மாதந்தோறும், ஓய்வுநாள்தோறும் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் 23ஆம் வசனத்துக்காகவே அது. மாதப்பிறப்பு மறுநாளாக இருந்தால் வாசிப்பு 1 சாமுவேல் 20, "நாளைக்கு மாதப்பிறப்பு" என்று தொடங்குவது. பாடலில் இவற்றில் எது எதிரொலிக்கிறது என்று பார்த்தால் எந்த நாளுக்கு எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

பெரிய தொடர்களுக்குள் நுழைதல்

இவ்வளவும் பழகிய பிறகே 6ஆம் நூற்றாண்டை ஒட்டிய கலிலேயக் கவிஞர்களிடம் போகலாம். இரண்டு வடிவங்கள் தெரிந்தால் போதும். சபாத் காலையில் நின்றபடி சொல்லும் அமீதா என்னும் மைய வேண்டுதலுக்குரியது கெதுஷ்தா. முசாஃப் போன்ற ஏழு துதிவாசக அமீதாவுக்குரியது ஷிவ்ஆத்தா. அதில் வாசகத்துக்கொன்றாக ஏழு பாடல்கள். நாளின் பெயர் நான்காவதில்தான் வரும். எனவே தலைப்பில்லாத ஷிவ்ஆத்தா கிடைத்தால் நேரே நான்காம் பாடலுக்குப் போங்கள்.

கெதுஷ்தாவை யன்னாயிடம் கற்பது எளிது. அவர் வாராந்திர வேத வாசிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்று எழுதியவர். முதல் பாடல் அலெஃப் முதல் லாமெத் வரை 12 எழுத்து. இரண்டாவது மேம் முதல் தாவ் வரை மீதி 10. மூன்றாவதில் அவர் பெயர். ஐந்தாவதில் அலெஃப் முதல் யோத் வரை. பிறகு வேகமெடுத்து, கடைசியில் சில்லூக் என்னும் கட்டற்ற பகுதி "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்ற வானவர் துதியில் கலந்துவிடும். சிதைந்த ஏட்டில் எது எத்தனையாவது பாடல் என்று கண்டுபிடிக்க இந்த எழுத்துக் கணக்கே கருவி. யன்னாயின் படைப்புகள் பெரும்பாலும் மறைந்தே இருந்தன. கெய்ரோவின் பழைய நகரமான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் பழந்தாள் குவியலிலிருந்து அவை வெளிவந்தன. 1938இல் பெரிய தொகுப்பாக அச்சேறின. பதிப்புகளில் சதுர அடைப்புக்குள் இருப்பது பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. அதை வைத்து எந்த முடிவும் கட்டக் கூடாது.

பியூட் கவிஞர்களில் மிகக் கடினமானவரான எலெயாசர் கில்லிரை முதலில் தொடாதீர்கள். நீசான் மாதப்பிறப்பை ஒட்டிய "ஹஹோதெஷ்" சபாத்துக்கு அவர் எழுதியது சபாத்தும் மாதப்பிறப்பும் சந்திக்கும் அரிய இடம் என்பதால் ஆசை வரும், ஆனாலும் பொறுங்கள். பிரசங்கி 5:1க்கு எழுதிய உரையில் இப்ன் எஸ்ரா கில்லிர்மேல் நான்கு குறை சொன்னார்: புதிர்மொழி, தால்மூத் சொற்கலப்பு, இலக்கணப் பிசகு, கதைமரபை அளவின்றி இழுத்தல். இப்ன் எஸ்ராவின் தீர்ப்பு கடுமையானது, முழுவதும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் புதியவர் திணறப்போகும் இடங்களுக்கு அதைவிடச் சரியான பட்டியல் கிடைக்காது. கில்லிர் ஆபிரகாமைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார், "ஏத்தான்" என்பார். யாக்கோபு "தாம்". இத்தகைய மாற்றுப்பெயர்களுக்குக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் தனிப் பட்டியல் தொடங்குங்கள். முப்பது பெயர் சேர்ந்ததும் வாசிப்பு எளிதாகும்.

ஆசிரியர் பெயரில் ஏமாறாமல் இருக்க

"ஆபிரகாம்" என்று முதலெழுத்து ஒப்பம் இருந்தால் அது இப்ன் எஸ்ரா என்றாகாது. "ஷெலோமோ" எல்லாம் இப்ன் கபிரோல் அல்லர். பெயருக்குப் பின் "ஹஸாக்" என்று வந்தால் அது பெயரின் பகுதியன்று. "வலிமை பெறுக" என்ற வாழ்த்து. பல்லவியின் முதலெழுத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐயமிருந்தால் இஸ்ரயேல் டேவிட்சனின் பெரும் அட்டவணையில் பாடலின் முதல் அடியைத் தேடுங்கள். 1924 முதல் 1933 வரை நான்கு தொகுதிகளாக வந்த அதில் 35,000க்கும் மேற்பட்ட பாடல்கள் முதலடி அகரவரிசையில் உள்ளன. அரிய சொல்லுக்கு எபிரேய மொழிக் கழகத்தின் "மஆகாரிம்" இணையத் தரவுத்தளம் இலவசம். "லெகா தோதி" போன்றவற்றை இடைக்காலப் பாடலாகப் பலர் எழுதுகிறார்கள். அது 16ஆம் நூற்றாண்டு சஃபேத் நகரில் ஷெலோமோ அல்கபேட்ஸ் இயற்றியது.

கேட்கப் போகும்போது

இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையப் பக்கங்களில் பல சமூகங்களின் ஒலிப்பதிவுகள் உண்டு. ஒரே பாடலை மூன்று மெட்டில் கேட்டுவிட்டுத்தான் அடிப்பிரிப்பை உறுதி செய்ய வேண்டும். மெட்டு பல வேளைகளில் அடியை நடுவில் வெட்டும். கொச்சி யூதர்களுக்கும் "ஷிங்லி" முறை என்ற தனி வழிபாட்டு மரபு உண்டு. அதன் நூல் 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. ஜெருசலேமில் 1901இல் எழுந்த அதேஸ் தொழுகைக்கூடத்தில் அலெப்போ மரபினர் குளிர்காலச் சபாத் நாட்களில் விடியுமுன் கூடிப் பக்காஷோத் என்னும் வேண்டுதல் பாடல்களைப் பாடுகிறார்கள்.

இப்படி நேரில் போக வாய்த்தால், மரபைக் கடைப்பிடிப்பவர்களிடையே சபாத் அன்று எழுதுவதும் ஒலிப்பதிவதும் கூடாது. வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் பாடல் அடிகளை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை அணைத்துவிட்டு, ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போங்கள். கேட்டதை மனத்தில் வைத்து, சனிக்கிழமை விண்மீன் தெரிந்த பிறகு குறிப்பேட்டைத் திறக்கலாம்.